தோலை அறிவோம், தொழிலை அறிவோம்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)

‘அகத்தின் அழகு முகத்தில் தெரியும்’ என்பது நம் முன்னோர் வாக்கு. அந்த முகத்தைப் பேணுவதையே பிழைப்பாகக் கொண்ட தொழில் ஒன்று இன்று பெருநகரங்களைக் கடந்து சிற்றூர்களிலும் வேரூன்றி வருகிறது. அதுவே அழகுக் கலைத் தொழில். ‘பியூட்டி பார்லர்’ என்று சொன்னால்தான் பலருக்கு விளங்கும்.

எங்கள் ஊர் பொதட்டூர்பேட்டை. நெசவாளர் ஊர். விடிந்தது முதல் இரவு வரை விசைத்தறியின் ஓசை ஓயாத தெருக்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்ணுக்கு இங்கே கண்ணெதிரே தெரியும் வழிகள் சிலவே. வீட்டிலிருந்து தார் சுற்றலாம். தொழிற்பேட்டைக்குக் கம்பெனிப் பேருந்து ஏறலாம். என்னைப் போல் கல்லூரிக்குத் திருத்தணிப் பேருந்து ஏறலாம். இவற்றுக்கிடையே நான்காவதாக ஒரு வழியைச் சில ஆண்டுகளாகப் பெண்கள் பேசிக்கொள்கிறார்கள். “ஆறு மாதம் பார்லர் வேலை கற்றுக்கொண்டால் வீட்டு முன்னறையிலேயே கடை போட்டுவிடலாம்” என்கிறார்கள்.

இது நல்ல வழிதானா? எவ்வளவு கற்க வேண்டும்? எங்கே கற்க வேண்டும்? இதில் மதிப்பு உண்டா, வருமானம் உண்டா? இக்கேள்விகளுக்கு விடை தேட என்னைத் தூண்டியது எங்கள் குடும்பத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி. அதைப் பின்னர் கூறுகிறேன். முதலில் இத்தொழில் வந்த வழியைப் பார்ப்போம்.

வந்த வழி

அழகுக் கலை நமக்குப் புதிதன்று. மஞ்சளும் மருதாணியும் சீயக்காயும் நலங்கு மாவும் நம் பாட்டிமார் அறிந்தவையே. ஆனால் அவற்றை எவரும் தொழிலாகக் கருதவில்லை. முடி திருத்துதலைத் தொழிலாகச் செய்தவர்களையோ சமூகம் பிறப்பைக் காட்டித் தாழ்த்தி வைத்தது. அக்குலத்து ஆடவர் கட்டிக்குக் கத்தி வைத்து வைத்தியமும் பார்த்தனர். பெண்டிர் பிள்ளைப்பேறு பார்த்தனர். உடலைத் தொட்டு உதவியவர்களை ஊர் ஒதுக்கி வைத்தது. அந்தப் பழைய இழிவுதான் இன்றும் வேறு உருவில் நின்று, ‘படித்த பெண் பிறர் காலைப் பிடித்துக் கழுவுவதா?’ என்று கேட்கிறது.

அழகு நிலையம் என்பது முதலில் நகரத்துச் சங்கதியாகவே இருந்தது. சென்னையில் சீனக் குடும்பத்தினர் நடத்திய அழகு நிலையங்கள் ஒரு காலத்தில் பெயர் பெற்றிருந்தன. 1970-களில் ஷானாஸ் உசேன் டெல்லியில் தம் வீட்டிலேயே மூலிகை அழகு நிலையம் ஒன்றைத் தொடங்கி, பின்னர் உலக அளவில் வளர்த்தார். 2006-ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை 2000-ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனை எனலாம். அவ்வாண்டில்தான் வீணா குமரவேல் சென்னையில் ‘நேச்சுரல்ஸ்’ என்னும் நிலையத்தைத் தொடங்கினார். நிறுவனத்தின் பெயரையும் முறையையும் பெற்றுத் தனியொருவர் தம் முதலில் கிளை நடத்தும் ஏற்பாட்டினால் அது ஊர் ஊராகப் பரவியது. பல பெண்கள் கிளைகளின் உரிமையாளர் ஆயினர். 2002-இல் கவின்கேர் நிறுவனத்தின் ‘கிரீன் டிரெண்ட்ஸ்’ வந்தது. பணக்காரர் வீட்டுப் பொழுதுபோக்கு என்றிருந்தது, நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணுக்குச் சம்பளம் தரும் வேலையாக மாறிற்று.

நீதிமன்றம் திறந்த கதவு

பெண்ணுக்கு உரிய தொழில் என்று நாம் எண்ணும் இக்கலையில் பெண்ணுக்கே கதவடைத்திருந்த இடம் ஒன்று உண்டு. அது திரைப்படத் துறை. மும்பையில் ஒப்பனைக் கலைஞர் சங்கம் நெடுங்காலமாகப் பெண்களுக்குத் தலை அலங்காரம் செய்யும் உரிமையை மட்டுமே அளித்து வந்தது. முகத்துக்கு ஒப்பனை செய்யும் அட்டை ஆண்களுக்கே வழங்கப்பட்டது. அமெரிக்காவில் முறையாக ஒப்பனை பயின்று வந்த சாரு குரானா என்பவர், வேறு சில பெண்களுடன் சேர்ந்து உச்ச நீதிமன்றத்தை நாடினார். 2014-ஆம் ஆண்டு நவம்பர் 10-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. பெண் என்ற காரணத்தால் தொழிலை மறுப்பது அரசியலமைப்பு தரும் சமத்துவ உரிமைக்கும் வாழ்வுரிமைக்கும் மாறானது என்று கூறி, அந்தச் சங்க விதியை நீதிமன்றம் செல்லாததாக்கியது.

இத்தீர்ப்பு பொதட்டூர்பேட்டைக்கு என்ன சொல்கிறது? முகத்துக்கு வண்ணம் தீட்டுவதும் ஒரு தொழில். அதற்குச் சட்டத்தின் காவல் உண்டு. அதைக் கற்றவருக்கு அதைச் செய்யும் உரிமை உண்டு என்பதே அது. உரிமை பெற்றபின் அடுத்து வருவது பொறுப்பு.

தோல் என்னும் அதிசயம்

இத்தொழில் செய்பவர் கையாளும் பொருள் மனிதத் தோல். தச்சர் மரத்தை அறிவது போல, நெசவாளர் நூலை அறிவது போல, இவர் தோலை அறிய வேண்டும்.

நம் மேல்தோல் ஓயாமல் புதுப்பித்துக் கொள்கிறது. அதன் அடியில் பிறக்கும் செல் மெல்ல மேலேறி, உயிரிழந்து, காய்ந்து உதிர ஏறக்குறைய நான்கு வாரங்கள் ஆகின்றன. ஆகவே ஏழே நாட்களில் புதிய தோல் என்று எவராவது சொன்னால், அது கணக்குக்கே ஒவ்வாது. தோலின் மேற்பரப்பு சற்று அமிலத்தன்மை உடையது, அதன் பி.எச். மதிப்பு 5-க்கு அருகில் இருக்கும். அந்த அமிலத்தன்மையே கிருமிகளைத் தடுக்கும் முதல் வேலி. நாம் பயன்படுத்தும் சோப்புக் கட்டிகளோ பெரும்பாலும் 9 முதல் 10 வரை உள்ள காரத்தன்மை கொண்டவை. முதலாண்டு ஆய்வகத்தில் லிட்மஸ் தாளை நனைத்துப் பார்த்த எவருக்கும் இது எளிதில் விளங்கும். முகத்தைச் சோப்பிட்டு அழுத்தித் தேய்ப்பதும், அடுத்தடுத்துப் பிளீச் செய்வதும் அந்த வேலியை நாமே பிடுங்கி எறிவதாகும்.

நிறத்துக்கு வருவோம். தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்னும் பொருள். அதை உண்டாக்கும் செல்கள் கறுத்தவருக்கும் வெளுத்தவருக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில்தான் உள்ளன. உண்டாகும் மெலனினின் அளவும் வகையும்தான் வேறுபடுகின்றன. சூரியனின் புற ஊதாக் கதிர்களிலிருந்து நம்மைக் காப்பது இந்த மெலனின்தான். வெயில் மிகுந்த நாட்டில் பிறந்த நமக்கு இயற்கை பிடித்துள்ள குடை அது. அந்தக் குடையை மடக்கச் சொல்லித்தான் நெடுங்காலமாக விளம்பரங்கள் நம்மைத் தூண்டின. 1975-இல் இந்தியச் சந்தைக்கு வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ என்னும் களிம்பின் பெயரிலிருந்து, வெள்ளை நிறத்தைக் குறிக்கும் அந்தச் சொல் நீங்கியது 2020-இல்தான். பெயர் மாறியது. பெண் பார்க்க வருபவர்களின் கண் மாறியதா என்பது வேறு கேள்வி.

எங்கள் வீட்டில் நடந்தது

என் பெரியப்பா மகள், எனக்கு அக்கா. அவளுக்குத் திருமணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீட்டார் ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும், ‘பெண் கொஞ்சம் நிறம் கம்மி’ என்று உறவுக்காரர் ஒருவர் சொன்ன சொல் வீட்டில் தங்கிவிட்டது. திருமணத்துக்கு இரண்டு மாதம் இருக்கையில் ஒரு பார்லரில் சிறிய டப்பாவில் களிம்பு ஒன்று கொடுத்தார்கள். அதில் பெயரும் இல்லை, சீட்டும் இல்லை. “நாங்களே கலந்து கொடுப்பது” என்றார்கள்.

இரண்டே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆனது. தெருவே வியந்தது. “கலர் வந்துடுச்சு அக்கா!” என்று வாய் நிறையச் சொன்னவர்களில் நானும் ஒருத்தி. அப்போது நான் வேதியியல் மாணவி; அந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. களிம்பு தீர்ந்தது, மறு டப்பா வாங்கத் தாமதமாயிற்று. மூன்றாம் நாளிலிருந்து முகம் சிவந்து எரியத் தொடங்கியது. பருக்கள் கிளம்பின, கன்னத்தில் மெல்லிய இரத்தக் குழாய்கள் தெரிந்தன, வெயிலில் நிற்க முடியவில்லை. தோல் மருத்துவர் பார்த்தவுடன், “ஸ்டீராய்டு பூசியிருக்கிறீர்கள்” என்றார். திருமணம் குறித்த நாளில் நடந்தது. ஆனால் அக்கா தன் திருமணப் படங்களை இன்றுவரை எடுத்துப் பார்ப்பதில்லை.

அந்தக் களிம்பைக் கொடுத்தவர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. பதினைந்து நாள் பழகிக் கடை போட்டவர். அவருக்குக் கொடுத்தவர் சொன்னதை அவர் நம்பினார். அறியாமைதான் குற்றவாளி.

களிம்பில் ஒளிந்திருப்பவை

வெண்மை தருவதாகச் சொல்லும் போலிக் களிம்புகளில் இரண்டு ஆபத்துகள் உண்டு. ஒன்று ஸ்டீராய்டு. சில தோல் நோய்களுக்கு மருத்துவர் குறித்த காலத்துக்கு மட்டும் எழுதித் தரும் மருந்து அது. ஸ்டீராய்டு, ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின் மூன்றும் சேர்ந்த களிம்பு மங்குக்குத் தரப்படுவதுண்டு. அதையே நிறம் கூட்டும் பூச்சாக மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து விடுகிறது, நிறுத்தினால் சீறுகிறது. இந்தத் தீங்கைக் கண்டுதான் மத்திய அரசு 2018-ஆம் ஆண்டில் 14 வகை ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

மற்றொன்று பாதரசம். மெலனின் உருவாகத் துணைபுரியும் டைரோசினேஸ் என்னும் நொதியைப் பாதரச உப்புகள் முடக்கிவிடும். அதனால் நிறம் வெளுக்கும். ஆனால் தோல் வழியே உட்புகும் பாதரசம் சிறுநீரகத்தில் சென்று தங்குகிறது. கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் 2023-ஆம் ஆண்டில் சிறுநீரில் புரதம் வெளியேறும் நோயுடன் வந்த சிலரை மருத்துவர்கள் ஆராய்ந்தபோது, அவர்களுக்குப் பொதுவாக இருந்தது வெண்மைக் களிம்பு என்று கண்டறிந்தனர். நம் நாட்டின் 2020-ஆம் ஆண்டு அழகுசாதனப் பொருள் விதிகளின்படி, கண்ணுக்கு இடும் பொருள்கள் தவிர மற்றவற்றில், தற்செயலாகக் கலந்த பாதரசம்கூடப் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருத்தல் கூடாது.

எனவே இத்தொழிலில் முதற்பாடம் சீட்டைப் படிப்பது. தயாரித்தவர் பெயர், முகவரி, உரிம எண், தொகுதி எண், காலாவதி நாள், சேர்மானங்கள் ஆகியவை இல்லாத எதையும் பிறர் முகத்தில் வைக்கக் கூடாது.

கற்பது எப்படி?

ஊரில் பார்லர் நடத்தும் அக்கா ஒருவரிடம் விடுமுறை நாட்களில் சென்று அமர்ந்து பார்த்தேன். அவர் முறையாகக் கற்றவர். கற்பதற்குப் பல படிகள் உள்ளன. தொழிற்பயிற்சி நிலையங்களில் அழகுக் கலை ஓராண்டுப் பிரிவாகக் கற்பிக்கப்படுகிறது; பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும்; முடிவில் தேசியத் தொழிற்சான்று கிடைக்கும். அழகு மற்றும் நலவாழ்வுத் துறைக்கென அமைந்த திறன் குழுமம் உதவி அழகுக் கலைஞர், அழகுக் கலைஞர் எனப் படிப்படியாகத் தரம் வகுத்துள்ளது. வெளிநாடு செல்ல விரும்புவோர் சுவிட்சர்லாந்தின் சூரிச்சைத் தலைமையிடமாகக் கொண்ட ‘சிடெஸ்கோ’ அமைப்பின் பட்டயம் பெறலாம். 1946-இல் தோன்றிய அமைப்பு அது. வேதியியல் படித்தவருக்கு அழகுசாதனப் பொருள் தயாரிக்கும் ஆலைகளிலும் தரப் பரிசோதனைக் கூடங்களிலும் இடம் உண்டு என்பதையும் நம் துறைத் தோழர்கள் நினைவில் கொள்ளலாம்.

எங்கு கற்றாலும் கைப்பழக்கம் வேண்டும். புருவம் திருத்துவதைப் பாருங்கள். அதற்கு வேண்டியது ஒரு முழம் பருத்தித் தையல் நூல் மட்டுமே. முறுக்கிய நூல் திறந்து மூடும்போது முடியைப் பற்றி வேரோடு எடுக்கிறது. நூலிலேயே பிறந்து வளர்ந்த எங்கள் ஊர்ப் பெண்களுக்கு விரல் விரைவில் பழகிவிடுகிறது என்று அந்த அக்கா பெருமையாகச் சொன்னார். ஆனால் நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொள்ளும் வழக்கத்தை அவர் விட்டுவிட்டார், கழுத்தில் கட்டிக்கொள்கிறார். வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் புது நூல். எச்சில் பட்ட நூல் இன்னொருவர் முகத்தைத் தொடக் கூடாது என்பது அவர் கொள்கை.

அவர் கடையில் நான் கண்டு குறித்துக்கொண்ட வேறு சில விதிகள்:

முடிக்குச் சாயமிடும் முன் காதின் பின்புறம் சிறிது தடவி 48 மணி நேரம் பொறுத்துப் பார்க்க வேண்டும். சாயத்தில் உள்ள பி.பி.டி. என்னும் பொருள் சிலருக்குக் கடும் ஒவ்வாமை தரும். சட்டென்று கறுப்பாகப் பிடிக்கும் ‘கறுப்பு மருதாணி’யிலும் இதைக் கலப்பதுண்டு.

உருக்கிய மெழுகின் சூட்டை முதலில் தன் மணிக்கட்டில் வைத்துப் பார்க்க வேண்டும்.

புண், கொப்புளம், படர்தாமரை உள்ள தோலைத் தொடாமல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். உணர்ச்சியற்ற வெளிறிய தேமல் தென்பட்டால் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும்; அது தொழுநோயின் தொடக்கமாக இருக்கலாம். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதற்குச் சிகிச்சை இலவசம். தொடக்கத்திலேயே கவனித்தால் ஊனமின்றிக் குணமாகும்.

ஊசி, லேசர், ஆழமாகத் தோலுரிக்கும் அமிலம் ஆகியவை மருத்துவர் வேலை. அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது.

“வேலை தெரிந்தவள் என்பதற்கு அடையாளம், எதைச் செய்ய மாட்டேன் என்று சொல்லத் தெரிவதுதான்” என்றார் அந்த அக்கா. ஒருநாள் என் கண்ணெதிரே, நிறம் கூட்டும் களிம்பு கேட்டு வந்த ஒரு தாயை அவர் வெறுங்கையுடன் அனுப்பினார். அன்று அவருக்கு அந்த வரும்படி போயிற்று. மறுவாரம் அதே தாய் மகளுடன் தலை அலங்காரத்துக்கு வந்ததையும் நான் கண்டேன்.

வரவும் செலவும்

இத்தொழிலின் வருமானம் சீராக வருவதன்று. தையும் வைகாசியும் ஆவணியும் முகூர்த்த மாதங்கள். ஒரு மணப்பெண் ஒப்பனை பல நாள் புருவ வேலைக்குச் சமம். ஆடியும் மார்கழியும் வறட்சி. எங்கள் ஊரில் இன்னொரு கணக்கும் உண்டு. தறி ஓடினால்தான் பார்லருக்கு ஆள் வரும். பாவு கிடைக்காமல் தறி நின்ற வாரங்களில் கண்ணாடி முன் நாற்காலியும் காலியாகவே இருக்கும். ஆகவே முகூர்த்த மாதத்தில் வந்ததை ஆடிக்கு எடுத்து வைக்கத் தெரியாதவர் இதில் நிலைக்க முடியாது.

முதலுக்கு வழி இல்லாமல் இல்லை. 2015-இல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் ‘சிசு’ என்னும் பிரிவில் பிணையின்றி 50,000 ரூபாய் வரை வங்கிக் கடன் பெறலாம். மாவட்டத் தொழில் மையத்தில் சுயவேலைவாய்ப்புத் திட்டங்கள் பற்றி விசாரிக்கலாம். ஆனால் கடன் வாங்கிக் கண்ணாடியும் குளிர்சாதனமும் வாங்குமுன், ஓராண்டாவது பிறரிடம் சம்பளத்துக்கு வேலை செய்வது நல்லது என்பதே அனுபவசாலிகளின் அறிவுரை.

உடலுக்கும் விலை உண்டு. நாள் முழுதும் நிற்பதால் கால் நரம்பு சுருளும். குனிவதால் கழுத்து வலிக்கும். சாயமும் பிளீச்சும் பட்டுக் கை வெடிக்கும். முடியை நேராக்கும் சில மருந்துகளைச் சூடாக்கும்போது ஃபார்மால்டிஹைடு ஆவி எழும். கையுறையும் காற்றோட்டமும் ஆடம்பரம் ஆகா.

முடிவுரை

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பட்டம் பெற்றபின் இத்துறையில் இறங்கலாமா என்று ஒருநாள் அப்பாவிடம் கேட்டேன். தறியை நிறுத்தாமலே, “இதற்கா பி.எஸ்ஸி.?” என்றார். அன்று எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது தெரியும். ஆம் அப்பா, இதற்குத்தான் பி.எஸ்ஸி. வேண்டும். அந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று கேட்கத் தெரிந்த ஒருத்தி அந்தக் கடையில் இருந்திருந்தால், அக்காவின் முகம் வெந்திருக்காது.

நான் இத்தொழிலுக்குச் செல்வேனா, ஆலையின் பரிசோதனைக் கூடத்துக்குச் செல்வேனா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை. ஆனால் ஒரு வேலையைத் தொடங்கிவிட்டேன். எங்கள் தெருப் பெண்கள் புதிதாக எந்தக் களிம்பு வாங்கினாலும் என்னிடம் கொண்டு வருகிறார்கள். சீட்டைப் படித்துச் சொல்கிறேன். சீட்டில்லாததைத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறேன். முதலில் கொண்டு வந்தவள் என் அக்காதான்.

தோழியரே, தோழர்களே! அழகுக் கலையை இழிவாகவும் எண்ண வேண்டாம். எளிதாகவும் எண்ண வேண்டாம். கற்றுச் செய்தால் அது நம்மையும் காக்கும், நம்மை நம்பி முகத்தைத் தருபவரையும் காக்கும் என்று கூறி என் கட்டுரையை நிறைவு செய்கிறேன்.